வாசகர் கேள்வி – பதில்: சீசன் முடிந்த கடற்கரை ஊர்கள்

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் மேற்படிப்புப் படிக்கிறான். ஜனவரி விடுமுறையில் நண்பர்களோடு பிளாக்பூல் என்னும் கடற்கரை ஊருக்குப் போய், அங்கிருந்து வீடியோவில் காட்டினான். கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன, ராட்டினம் ஓடவில்லை, சாலையில் ஆளே இல்லை. "காசு வீணாப் போச்சும்மா" என்று வருத்தப்பட்டான். அவ்வளவு பெயர் பெற்ற ஊர் ஏன் இப்படிக் கிடக்கிறது?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கௌண்டன்ய ஆற்றங்கரையில் திரளும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதைச் சொல்வது எளிது. திருவிழா முடிந்ததும் நம்மூரில் பந்தலைப் பிரித்துவிடுகிறார்கள். ராட்டினம் லாரி ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. நம்முடையது மூங்கிலும் கீற்றும். பிளாக்பூலில் அதே திருவிழாவை இரும்பாலும் கல்லாலும் கட்டிவைத்திருக்கிறார்கள். அதைப் பிரிக்க முடியாது. எனவே ஈஸ்டர் முதல் செப்டம்பர் வரை நீளும் சீசன் முடிந்த பின்னும், கூட்டத்துக்கென்றே எழுப்பிய அத்தனையும் கூட்டமில்லாமல் நின்றுகொண்டிருக்கின்றன. உங்கள் மகன் கண்டது அதைத்தான்.

அங்கே கடலுக்குப் போகும் வழக்கம் மருத்துவமாகத்தான் தொடங்கியது. கடல்நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் நோய் தீர்க்கும் என்று 1750-இல் மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல் நூல் எழுத, வசதி படைத்தவர்கள் பிரைட்டனை நாடிப் போனார்கள். பிளாக்பூலை வளர்த்தவர்களோ தொழிலாளர்கள். 1846-இல் ரயில் வந்தது. லங்காஷயர் பருத்தி ஆலை ஊர்கள் முறைவைத்து, ஊருக்கு ஒரு வாரம் என்று ஆலைகளை மூடின. அந்த வாரத்தில் தெருவே கிளம்பியது போல எல்லோரும் கடற்கரைக்குப் போனார்கள். பொது விடுமுறைகளுக்கு 1871-இலும் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கு 1938-இலும் சட்டங்கள் வந்தன. இடையில், 1894-இல், 158 மீட்டர் உயரக் கோபுரமும் எழுந்துவிட்டது. ஆனால் 1960-களுக்குப் பிறகு மலிவான விமானப் பயணங்கள் வந்து, வெயில் தேடுகிறவர்களை ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்றுவிட்டன. கட்டடங்கள் அப்படியே இருக்க, கூட்டம் மட்டும் சுருங்கியது.

இதோடு இருட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலூரில் மார்கழியிலும் ஏறத்தாழ ஆறு மணி வரை வெளிச்சம் உண்டு. டிசம்பர் பிற்பகுதியில் பிளாக்பூலில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

ஆனால் காசு வீணாயிற்று என்று உங்கள் மகன் எண்ண வேண்டாம். ஒரு பிப்ரவரியில் நான் ஸ்கார்பரோ என்னும் இன்னொரு ஆங்கிலக் கடற்கரை ஊரில் இரண்டு நாள் தங்கினேன். கோடையில் காலூன்ற இடமிராத கடற்கரைச் சாலையில், நாயோடு நடந்துபோன ஒரு முதியவர் நின்று எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். திறந்திருந்த ஒரே தேநீர்க் கடையில், கடைக்கார அம்மாள் அவசரமில்லாமல் தம் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கோடையில் வந்திருந்தால் அவரிடம் தேநீர் மட்டும்தான் கிடைத்திருக்கும். காற்றுக்கு ஒதுங்கக் கடலைப் பார்த்தபடி கட்டிவைத்திருக்கும் கூரையிட்ட இருக்கைகளில் ஒன்றில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மார்கேட் நகரில் உள்ள அப்படியொரு இருக்கையில்தான், 1921 இலையுதிர்காலத்தில் உடல்நலம் குன்றி ஓய்வுக்காக வந்த கவிஞர் டி.எஸ். எலியட் உட்கார்ந்து எழுதினார். மனம் சோர்ந்தவர்களை அந்த வெறுமை விரட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார இடம் கொடுக்கிறது. மணல் மட்டுமே தெரியும் பாலாற்றங்கரையில் மாலையில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிற நம்மவர்களுக்கு இது விளங்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி: ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். ஆர்டர் குறைந்தால் எங்களுக்கு வேலையும் குறைந்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் எப்படிப் பிழைக்கிறார்கள்?
— ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: சிரமப்பட்டுத்தான். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் எளிதில் மறந்துவிடும் பக்கம் இது. விடுதிகளிலும் விளையாட்டுக் கூடங்களிலும் பலருக்குப் பருவகால வேலைதான். ஆள் வராத பழைய விடுதிகள் பல, வருமானம் குறைந்தவர்கள் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் வீடுகளாகிவிட்டன. இங்கிலாந்தின் மிகப் பின்தங்கிய பகுதிகளைக் கணக்கிட்ட 2019 அரசு அறிக்கையிலும் பிளாக்பூல் முன்வரிசையில் இருந்தது.

சீசனை இழுத்து நீட்ட அவர்கள் செய்யாத முயற்சி இல்லை. 1878-இல் மழைக்கும் குளிருக்கும் உள்ளே இருந்து களிக்க ‘விண்டர் கார்டன்ஸ்’ அரங்கைத் திறந்தார்கள். 1879-இல் எட்டு மின்வில் விளக்குகளோடு (ஆர்க் லாம்ப்) தொடங்கிய விளக்கு அலங்காரம் இன்று கோடைமுடிவில் ஏற்றப்பட்டு ஜனவரி வரை எரிகிறது. பெரிய அரசியல் கட்சிகள் நெடுங்காலம் தங்கள் இலையுதிர்கால மாநாடுகளைப் பிளாக்பூல், பிரைட்டன், போர்ன்மத் போன்ற கடற்கரை ஊர்களில் நடத்தியதற்கும் காலியான விடுதி அறைகள் ஒரு முக்கியக் காரணம். மற்றபடி, குளிர்காலம் பழுதுபார்க்கும் காலம். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். அடுத்த ஈஸ்டருக்குள் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தாக வேண்டும். நீங்கள் பார்க்கும் மூடிய கதவுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

கேள்வி: மகள் வீட்டுக்கு டிசம்பரில் பிரைட்டன் போகிறோம். அந்த மாதத்தில் பார்க்க ஏதும் உண்டா?
— ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: உண்டு, மாலை மூன்றரை மணிக்குள் கடற்கரைக்குப் போய்விடுங்கள். 1899-இல் திறந்த பேலஸ் கடற்பாலத்தின் அடியில் இரவு தங்குவதற்காக, நம் மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் பறவைகள் குளிர்காலத்தில் பெருங்கூட்டமாக வரும். அடையுமுன் ஒரே உடல் போல வளைந்து, விரிந்து, சுருண்டு பறக்கும். சற்று மேற்கே 1866-இன் பழைய கடற்பாலம் கடலுக்குள் எலும்புக்கூடாக நிற்கிறது; 1975-இல் மூடப்பட்டு, 2003-இல் எரிந்துபோனது அது. காதை மறைக்கும் குல்லாய் கட்டாயம் வேண்டும், ஆனால் நடுவில் அதைச் சிறிது நேரம் கழற்றிவிட்டுக் கேளுங்கள். பிரைட்டன் கரை மணலல்ல, கூழாங்கல். அலை திரும்பும்போது கற்கள் உருண்டு இழுபடும் அந்த ஓசை, கோடைக் கூச்சலில் காதில் விழாது.