கொடி உறுதிமொழியைச் சொல்லாவிட்டால் பள்ளியில் சிக்கல் வருமா?

கேள்வி: டெக்சாஸில் ஒரு அரசுப் பள்ளியில் என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் எச்1பி விசாவில் இருக்கும் இந்தியக் குடிமக்கள். அவள் தினமும் அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி சொல்லித்தான் ஆக வேண்டுமா? பள்ளியில் பிரார்த்தனை நடத்தினால் என்ன செய்வது?

பதில்: தங்கள் மகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேற்கு வர்ஜீனியாவில், கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த யெகோவாவின் சாட்சிகள் சமயப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தொடர்பான வழக்கில், எந்த மாணவரையும் உறுதிமொழி சொல்லும்படி அரசு வற்புறுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943 ஜூன் 14 அன்று தீர்ப்பளித்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதே நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்ப்பு வழங்கியிருந்ததால், இது எளிதில் கிடைத்த உரிமை அன்று. குடிமக்கள் அல்லாதவர்களின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அதேபோல், அவள் விரும்பிச் சொன்னாலும் இந்தியக் குடியுரிமைக்கோ விசாவுக்கோ பாதிப்பில்லை. குடியுரிமை பெறும்போது எடுக்கும் சத்தியப் பிரமாணம் முற்றிலும் வேறு.

டெக்சாஸ் பள்ளிகளில் காலையில் நாட்டின் கொடிக்கு ஓர் உறுதிமொழி, மாநிலக் கொடிக்கு இன்னொன்று, அதன்பின் ஒரு நிமிட மௌனம் என்பது மாநிலச் சட்டம் வகுத்த முறை. 1892இல் எழுதப்பட்ட நாட்டு உறுதிமொழியில் கடவுளைப் பற்றிய குறிப்பு கிடையாது. பனிப்போர்க் காலமான 1954இல்தான் நாடாளுமன்றம் அதைச் சேர்த்தது. மௌன நிமிடத்தில் பிள்ளை தியானிக்கலாம், வேண்டிக்கொள்ளலாம், பிறருக்கு இடையூறின்றிச் சும்மாவும் இருக்கலாம்.

பிரார்த்தனைக்கான விதி வேறு. பல பெற்றோர் குழம்புவது இங்கேதான். உறுதிமொழியைப் பள்ளி நடத்தலாம், பிள்ளை விலகிக்கொள்ளலாம். ஆனால் பிரார்த்தனையை, பிள்ளை விலக அனுமதி இருந்தாலும், ஆசிரியர் வகுப்பில் முன்னின்று நடத்தவே கூடாது. நியூயார்க் மாநில அதிகாரிகள் எழுதித் தந்த ஒரு சிறு பிரார்த்தனையை 1962இலும், வகுப்புத் தொடக்கத்தில் பைபிள் வாசிப்பதை 1963இலும் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. மாணவர்கள் தாமாக வேண்டிக்கொள்வதற்குத் தடை ஏதுமில்லை. விருப்பமுள்ளவர்களுக்குத் தனிப் பிரார்த்தனை நேரம் ஒதுக்குவது பற்றி ஒவ்வொரு பள்ளி வாரியமும் வாக்கெடுக்க வேண்டும் என்று டெக்சாஸ் 2025இல் ஒரு சட்டம் இயற்றியது. பெற்றோர் ஒப்புதலில் கையெழுத்திட்டால் மட்டுமே பிள்ளை அதில் சேர முடியும் என்பதால், பள்ளி அனுப்பும் படிவங்களைப் படிக்காமல் கையெழுத்திட்டுவிடாதீர்கள்.

முதலில் மகளிடம் பேசுங்கள். தோழிகளோடு சேர்ந்து சொல்ல அவளுக்கு ஆசை இருக்கலாம். விலக விரும்பினால், தலைமையாசிரியருக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். பெற்றோர் எழுதிக் கேட்டால் விலக்களித்தே தீர வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. காரணம் கூறத் தேவையில்லை: மகளின் பெயர், வகுப்பு, எந்த உறுதிமொழியிலிருந்து விலக்கு என்ற விவரம் போதும். பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, வகுப்பாசிரியருக்கும் ஒன்று அனுப்புங்கள், ஏனெனில் விலக்கு விவரம் அவருக்குப் போய்ச் சேராததால்தான் பெரும்பாலான மனக்கசப்புகள் எழுகின்றன. தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த அரசியலமைப்புப் பாதுகாப்பு பொருந்தாது. சேர்க்கும் முன்பே அவர்களது விதிகளைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.