சாப்பிட்ட இரும்பு ரத்தத்தில் எப்படிப் போகிறது?

இரும்பு ரத்தத்தில் அப்படியே கரைந்து போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது, போகவும் கூடாது. தனியாகத் திரியும் இரும்பு செல்களைச் சேதப்படுத்தும். அதனால் கல்லீரல், இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. ஒரு மூலக்கூறில் 2 இரும்பு அணுக்களுக்கு இடம் உண்டு. வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு இடம்தான் நிரம்பியிருக்கும்.

எனக்கு வியப்பாக இருப்பது இரும்பை இறக்கும் விதம்தான். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக வளரும் செல், டிரான்ஸ்ஃபெரினைப் பிடித்து ஒரு சின்னப் பைக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பைக்குள் அமிலம் கூடி பிஹெச் 5.5 அளவுக்கு வந்ததும் பிடி தளர்ந்து இரும்பு கழன்றுவிடும். அப்புறம் வெறும் புரதம் ரத்தத்துக்கே திரும்பி அடுத்த சுமையை ஏற்றிக்கொள்ளும். ஒரு நேரத்தில் இப்படிப் பயணத்தில் இருக்கும் இரும்பு 3, 4 மில்லிகிராம்தான். ஆனால் ஒரே நாளில் 20 மில்லிகிராமுக்கு மேல் கைமாறிவிடுகிறது.