பிஎல்டிசி ஃபேன் மாற்றினால் கரண்ட் பில் நிஜமாகவே குறையுமா?

குறையும். பிஎல்டிசி ஃபேன் என்றால் சுழலும் பாகத்திலேயே நிரந்தரக் காந்தம் வைத்த ஃபேன், அவ்வளவுதான். பழைய ஃபேனில் அந்தக் காந்தசக்தியையும் கரண்ட் கொடுத்துத்தான் உண்டாக்க வேண்டும், அதில் நிறைய சூடாக வீணாகிறது (கொஞ்ச நேரம் ஓடிய ஃபேனின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்). ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது மாதிரி: தண்ணீர் வரும், ஆனால் பாதி வழியிலேயே ஒழுகிவிடும்.

பழையது சுமார் 75 வாட், இது 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். அதனால் ராத்திரி பகலாக ஓடுகிற ஃபேனை முதலில் மாற்றுங்கள், விருந்தாளி அறையில் இருப்பது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வாட் குறைந்தால் காற்றும் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் வாட் என்பது ஃபேன் இழுக்கும் கரண்டின் அளவு, வீசும் காற்றின் அளவு இல்லை.