கள ஆய்வில் செல்போன்: கேள்வி–பதில்

கேள்வி: மரக் கணக்கெடுப்பைத் தாளில் எழுதி, பிறகு கணினியில் ஏற்றுகிறோம். நேரடியாகச் செல்போனிலேயே பதியலாமா? காட்டுக்குள் சிக்னல் கிடையாது.

பதில்: பதியலாம். ஓடிகே கலெக்ட், எபிகலெக்ட்5 போன்ற செயலிகளில், நெட் இருக்கும்போதே வெற்றுப் படிவத்தை இறக்கிக்கொண்டால் போதும். பதிவுகள் போனிலேயே தங்கும். சிக்னல் கிடைத்ததும் அனுப்பிக்கொள்ளலாம்.

கவனம் வேண்டியது படிவத்தில். தாளில் அடித்தல் திருத்தல் கண்ணில் படும். போனிலோ கைதவறிப் பட்ட எண்ணும் சரியான எண்ணைப் போலவே நிற்கும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது சுற்றளவா, விட்டமா என்பதையும் செ.மீ. என்ற அலகையும் கேள்வியிலேயே எழுதுங்கள். சுற்றளவும் விட்டமும் குழம்பினால் அளவு 3.14 மடங்கு பிசகும்.

எண்ணுக்கு மேல்வரம்பு வைக்கலாம், ஆனால் இறுக்கி வைக்காதீர்கள். நிஜமாகவே பெருத்த மரம் வந்தால், படிவம் ஏற்கும் ஏதோ ஒரு பொய் எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வழக்கத்தை மீறிய எண் வந்தால் 'மறுபடி அளந்தீர்களா?' என்று துணைக்கேள்வி எழும்படி அமைப்பது மேல். இனப் பட்டியலில் 'தெரியவில்லை' கட்டாயம் இருக்கட்டும். அதைத் தொட்டால் இலை, பட்டை படம் கேட்கட்டும். 'தெரியவில்லை' இல்லாவிட்டால் பட்டியலில் கிட்டத்தட்டப் பொருந்தும் பெயரைத் தொட்டுவிடுவார்கள். எந்த இடத்திலும் 0 என்று முன்கூட்டியே நிரப்பி வைக்க வேண்டாம். 'தேடினோம், இல்லை' என்பதும் 'பார்க்கவே இல்லை' என்பதும் பிறகு பிரிக்க முடியாமல் கலந்துவிடும்.

கேள்வி: ஒரே மரத்தடியில் நின்றாலும் ஜி.பி.எஸ். புள்ளி தாவுகிறதே?

பதில்: திறந்த வானத்தின் கீழேயே போனின் பிழை சுமார் 5 மீட்டர். இலைக்கூரைக்கு அடியில் சிக்னல் தடைபட்டும் எதிரொலித்தும் வருவதால் இன்னும் கூடும். ஜி.பி.எஸ்ஸுக்கு மொபைல் சிக்னல் தேவையில்லை. ஆனால் நெட் இல்லாதபோது முதல் புள்ளி கிடைக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். எனவே காட்டில் நுழையுமுன் வெட்டவெளியிலேயே அதை இயக்கிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு போன் 'துல்லியம் 8 மீட்டர்' என்று காட்டினால், நிஜ இடம் அந்த 8 மீட்டர் வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்றுதான் பொருள். மூன்றில் ஒன்று வெளியே விழும். ஆகவே அந்த எண்ணையும் சேர்த்தே சேமியுங்கள். கணக்கெடுக்கும் 10 மீட்டர் சதுரத்தின் மூலைகளைப் போனை நம்பிக் குறிப்பது வீண்வேலை. அளவு நாடா பிடியுங்கள். போன், அந்த இடத்துக்குத் திரும்பிவர மட்டும்.

கேள்வி: 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டு முறை நிரப்பவில்லை. பழுதா?

பதில்: பழுதில்லை. அந்த 10,000 உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டாக மாற்றும்போது ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். ஒன்றரை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரோபிளேன் மோடில் போட்டால், சிக்னல் தேடித்தேடி பேட்டரி தீர்வது நிற்கும். தற்காலப் போன்களில் ஜி.பி.எஸ். அப்போதும் ஓடும். ஆனால் போனில் சேமிப்பிடம் போதவில்லையென்று செயலியை நீக்கிவிடாதீர்கள், அனுப்பாத பதிவுகளும் அதோடு போய்விடும்.