தூண்டில் இருக்கட்டும், ஏரியில் மீன் இருக்கிறதா?

வணக்கம் அண்ணா,
நானும் நண்பர் ஒருவரும் மலைமேல் இருக்கும் ஓர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறோம். சாலை கிடையாது, ஒன்றரை நாள் நடை. எத்தனை தூண்டில், என்ன இரை எடுத்துப் போகலாம்?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த ஏரியில் மீன் இருக்கிறதா என்று விசாரித்தீர்களா? சிரிக்காதீர்கள். வரைபடத்தில் நீலமாகத் தெரிந்ததை நம்பி இரண்டு நாள் மூட்டை சுமந்து போய், பகல் முழுக்கத் தூண்டில் போட்டு, தக்கை ஒருமுறைகூட அசையாமல் திரும்பியவன் நான். உயரத்து ஏரிகள் பலவற்றில் இயற்கையாக மீனே கிடையாது. வழியில் அருவி இருந்தால் மீன் எப்படி ஏறி வரும்? யாராவது கொண்டுபோய் விட்டிருந்தால்தான் உண்டு. விட்டிருந்தாலும், ஆழமில்லாத ஏரி என்றால் குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி மூடி, அதன்மேல் பனியும் கொட்டி, வெளிச்சம் உள்ளே போகாமல் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து அத்தனையும் செத்துப்போகும். நான் போன ஏரியில் நடுவில் இறங்கி நின்றாலே இடுப்பளவுதான்! மீன்வளத் துறையிலோ வனத்துறையிலோ கேளுங்கள், அனுமதி விவரமும் அப்படியே தெரிந்துவிடும்.

அப்புறம் நடை. சமதரையில் மணிக்கு 5 கி.மீ., ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது நன்றாக நடந்து பழகியவர்களுக்கு. நீங்கள் தாராளமாகவே கூட்டிக்கொள்ளுங்கள். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும், கீழே வியர்க்கிறதே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சரி, தூண்டில். துண்டு துண்டாகக் கழற்றும் கழி ஆளுக்கு ஒன்று போதும். உயிருள்ள இரைக்குப் பல ஏரிகளில் தடை உண்டு என்பதால் செயற்கை இரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடை வந்து விழும் வாயிலும், வெளிறித் தெரியும் அடித்தரை சட்டென்று இருண்டு ஆழமாகும் விளிம்பிலும் போட்டுப் பாருங்கள், விடியலிலும் அந்தியிலும். கரையில் நிமிர்ந்து நின்று நிழலை மட்டும் தண்ணீரில் விழவிடாதீர்கள்.

எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள், அங்கே போன் எடுக்காது. மீன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். நான் குறைத்தேன், திரும்பி வரும் வழியெல்லாம் பிஸ்கட்தான்.