எலும்பு வலிக்கு ஐசோடோப் ஊசி: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கோயமுத்தூர்ல ஒரு நியூக்ளியர் மெடிசின் டிபார்ட்மெண்ட்ல 22 வருஷம் டெக்னீஷியன், இப்ப கோத்தகிரில இருக்கேன். டாக்டர் இல்லைங்க, ஆனா இந்த ஊசி போட்டுக்கிட்ட நெறைய பேர பக்கத்துல இருந்து பாத்தவன்.

குன்னூர்: அப்பாவுக்கு ப்ராஸ்டேட் கேன்சர் எலும்புக்கு பரவிருச்சுங்கண்ணா, ராத்திரி திரும்பி படுக்கக்கூட முடியல. இந்த ஊசில குணமாயிருமா?

குணமாகாதும்மா, இது வலிக்குத்தான். சமேரியம் 153, ஸ்ட்ரான்ஷியம் 89னு கதிர் வீசற ரெண்டு மருந்து இருக்கு, அதுல ஒண்ண கை நரம்புல ஒரே ஊசியா போடுவாங்க. ஸ்ட்ரான்ஷியத்த எலும்பு கால்சியம்னு நெனச்சு இழுத்துக்கும், சமேரியத்தோட ஒட்டியிருக்கற மருந்தும் எலும்பைத்தான் தேடிப் போகும். கேன்சர் இருக்கற எடத்துல எலும்பு அவசர அவசரமா புதுசா கட்டிட்டு இருக்கும்ல, அங்கதான் ஜாஸ்தி போய் ஒக்காரும், அங்க வேலை செய்யற கதிர் சில மில்லிமீட்டருக்கு மேல போகாது. ஒரே எடத்துல வலின்னா வெளியிலிருந்து குடுக்கற ரேடியேஷனே போதும். முதுகு, இடுப்பு, தொடைன்னு பல எடம்னா இதப் பத்தி கேளுங்க. எலும்ப படம் புடிக்கற ஸ்கேன்ல (bone scan) அந்த எடமெல்லாம் கருப்பா தெரியணும், இல்லன்னா ஊசி வீண். ரத்தத்த உறைய வெக்கற தட்டணு (பிளேட்லெட்) இந்த ஊசில எறங்கும், அது ஏற்கெனவே கொறைஞ்சு போறதுக்கு முன்னாடியே கேளுங்க, கடைசில வந்து நின்னா போட முடியாதுன்னு திருப்பி அனுப்பற நெலமை வரும், அது எனக்கு இன்னும் மனசுல வலிக்குது.

கூடலூர்: ஊசி போட்டு 3 நாள், அம்மாவுக்கு வலி கூடிருச்சு சார். தப்பா போட்டுட்டாங்களா?

இல்லைங்க, சிலருக்கு மொத சில நாள் அப்படி ஏறி தானா எறங்கும். சமேரியம்னா ஒரு வாரத்துல, ஸ்ட்ரான்ஷியம்னா ரெண்டு மூணு வாரம் கழிச்சு கொறைய ஆரம்பிக்கும், அதுவரைக்கும் மார்ஃபின் மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. ஆனா கால் மரத்துப்போச்சு, நடை தள்ளாடுது, ஒன்னுக்கு வரலன்னா அது தண்டுவடம் அமுங்கறது. அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க, விடியட்டும்னு இருக்காதீங்க.

ஊட்டி: கோயமுத்தூர்ல ஊசி போடற அன்னிக்கு காலைல கெளம்பினா போதுமாண்ணா?

மொத நாளே எறங்கிருங்க. சமேரியத்தோட கதிர் வீரியம் ரெண்டு நாளைக்குள்ள பாதியாயிரும், உங்க பேருக்குன்னு ஆர்டர் போட்டு ஈய டப்பால வரும். மலை ரோட்ல பர்லியார் பக்கம் மண் சரிஞ்சு ரோடு அடைச்சா டப்பா மேசை மேல இருக்கும், நீங்க ரோட்ல நிப்பீங்க. மழைக்காலத்துல நான் அப்படி ஒரு டோஸ் வீணாப் போனத பாத்திருக்கேன்.

எஸ்டேட் லைன் வீடுங்க, பொது கக்கூஸ், வீட்ல கைக்குழந்தை. ஊசி போட்டுட்டு வர்ற தாத்தாவ எங்க வெக்கறது?

ஒதுக்கி வெக்காதம்மா. சமேரியத்துல எலும்புல ஒக்காராதது முக்காவாசி மொத நாள்லயே ஒன்னுக்குல போயிரும், அதனால அன்னிக்கு ராத்திரி கோயமுத்தூர்லயே தங்கிட்டு வாங்க. அப்புறம் ஆஸ்பத்திரில சொன்ன நாள் வரைக்கும் ஒக்காந்தே போகச் சொல்லுங்க, ரெண்டு வாட்டி நெறைய தண்ணி ஊத்துங்க, கைய சோப்பு போட்டு கழுவணும், நனைஞ்ச துணிய தனியா தொவைங்க. குழந்தைய மடில வெச்சு கொஞ்சறது எப்பன்னு மட்டும் டாக்டர்ட்ட கேட்டுக்கங்க. கிட்ட ஒக்காந்து சோறு போடலாம், கைய புடிச்சுக்கலாம்.

ஊசிக்கப்புறம் ரத்த டெஸ்ட் எத்தன நாளைக்கு?

டாக்டர் சொல்ற கணக்குல, சமேரியம்னா ஒரு ரெண்டு மாசம் வரைக்கும். மூணுலேர்ந்து அஞ்சாவது வாரம் தட்டணு ரொம்ப எறங்கும், ஸ்ட்ரான்ஷியம்னா இன்னும் தள்ளி. ஈறுல ரத்தம், தோல்ல செவப்பு புள்ளி வந்தா அடுத்த டெஸ்ட் தேதி வரைக்கும் காத்திருக்க வேணாம்.