வாசகர் கேள்வி: எரிவாயு ஆலை நின்றது எதனால்?

கேள்வி: மேற்கு ஆஸ்திரேலியாவில் புரூம் நகருக்கு அருகே கடற்கரையில் வரவிருந்த பெரிய எரிவாயு ஆலையை மக்கள் போராடித் தடுத்துவிட்டதாகப் படித்தேன். வளர்ச்சியோடு மோதிச் சுற்றுச்சூழல் வென்றதற்கு அதைச் சான்றாகக் காட்டலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: பாதியளவுக்குத்தான் காட்டலாம். புரூமுக்கு வடக்கே 50, 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜேம்ஸ் பிரைஸ் முனையில், பிரவுஸ் கடற்படுகையின் வாயுவைக் குழாய் வழியே கரைக்குக் கொண்டுவந்து, குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுவதே உட்சைடு நிறுவனத்தின் திட்டம். கப்பல் வந்துபோகக் கடலடியை ஆழப்படுத்த வேண்டும். அதுவோ கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டிகளோடு கடந்து செல்லும் கடல். அங்கே நீர் வற்றும் நேரத்தில் பாறைத்தளத்தில் டைனோசர்களின் காலடிகள் தெரியும். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் தடங்களில் ஒன்று 1.7 மீட்டர் நீளம், அதாவது ஓர் ஆளையே அதற்குள் படுக்க வைக்கலாம்.

பூர்வகுடிகள் எல்லாரும் ஒரே அணியில் நின்று எதிர்த்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முன்னோர் நடந்த வழி அந்தக் கரையோரமாகத்தான் செல்கிறது என்று கூலரபூலு மக்கள் ஆலையை எதிர்த்தார்கள். ஆனால் 2011இல் நிலவுரிமை கோரியவர்களில் பெரும்பான்மையோர் வாக்களித்து, 30 ஆண்டுகளில் 150 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்பிலான பலன்களுக்கு ஈடாக ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். வீடும் பள்ளியும் வேலையும் கேட்டவர்களைக் காசுக்கு விலைபோனவர்கள் என்று ஏசுவது நியாயமாகாது. உடன்பாடு இல்லாவிட்டால் நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்துவோம் என்று முதல்வர் கோலின் பார்னெட்டின் அரசு முன்பே கூறியிருந்த நிலையில், அந்த வாக்கெடுப்பை முற்றிலும் சுதந்திரமானது என்றும் சொல்ல மனம் வரவில்லை.

2013 ஏப்ரலில் உட்சைடு கரைத்திட்டத்தைக் கைவிட்டது. அதற்கு அது சொன்ன காரணம் திமிங்கிலம் அல்ல, செலவு. போராட்டத்தால் ஏற்பட்ட தாமதமும் அந்தக் கணக்கைப் பாதித்திருக்கும் என்பது என் எண்ணம். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த தீர்ப்பைத்தான் நான் இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினர்கள் சிலருக்குத் திட்டத்தில் சொந்த நலன் இருந்தும், அவர்கள் பரிசீலனையில் பங்கெடுத்திருந்தார்கள். ஆகவே அதன் அடிப்படையில் வழங்கிய அனுமதி செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. ஆலை வேண்டுமா வேண்டாமா என்பதற்குள் நீதிமன்றம் போகவில்லை. எடை போட்டவர்கள் யார் என்று மட்டுமே பார்த்தது. வேலைவாய்ப்பையும் வரி வருவாயையும் ஒரு தட்டில் வைத்துக் கடலை மறுதட்டில் வைப்பதாகச் சொல்லும் எந்த அறிக்கையிலும், முதலில் பார்க்க வேண்டியது தராசு யார் கையில் இருக்கிறது என்பதையே.

வாயு இன்னும் கடலடியில்தான் இருக்கிறது. மிதக்கும் ஆலை என்ற மாற்றுத் திட்டமும் 2016இல் நின்றபின், ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளக் குழாய் அமைத்துக் கராத்தா நகருக்கு அருகே ஏற்கெனவே இயங்கும் ஆலைக்கு அதைக் கொண்டுசெல்ல முன்மொழிந்தார்கள். புரூம் கரைக்கு அதனால் தொல்லை இல்லை. ஆனால் அந்த வாயு கிடைக்கும் இடங்களில் ஒன்றான டொரோசா வாயு வயலின் மேலே ஸ்காட் பவளத்திட்டு இருக்கிறது. பச்சை ஆமைகள் முட்டையிட வரும் அந்த இடத்துக்கு அருகே துளையிடலாமா என்பதுதான் இப்போது அங்கே நடக்கும் சர்ச்சை.